மடியில் கட்டிய ரொட்டி

மலைநாட்டுக் குளிரைப் பற்றிச் சமவெளியில் வாழ்வோர் கொண்டிருக்கும் எண்ணம் பெரும்பாலும் இனிமையானது. கோடை விடுமுறையில் இரண்டு நாள் தங்கி, கம்பளி போர்த்தி, தேநீர் அருந்தித் திரும்புகிறவர்களுக்குக் குளிர் ஒரு விருந்து. நீலகிரியின் மார்கழியையும் தையையும் அறிய வேண்டுமானால், விடியலில் வேலைக்குச் செல்வோருடன் ஒருநாள் நடந்து பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் அங்கே உறைபனி விழுகிறது. காலையில் புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பள்ளத்தாக்குகளில் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். தண்ணீர்க் குழாயைத் திருப்பிய விரல் சற்று நேரம் நம்முடைய விரலாகவே இராது.

2009ஆம் ஆண்டில் அப்படிப்பட்ட மலைப்பங்கு ஒன்றிற்கு நான் மாற்றலாகிச் சென்றேன். என் பிறப்பு சத்தியமங்கலத்தை அடுத்த சமவெளியில். கம்பங்கூழும் பழைய சோறும் மோரும்தான் என் வீட்டுக் காலை உணவு. வெயிலில் உழைக்கும் உடலைக் குளிர்விக்கும் உணவு அது. உணவு உடலைச் சூடேற்றவும் வேண்டும் என்பதை, நாற்பதை நெருங்கிய வயதில்தான் நான் கற்றேன்.

என் பங்கு மக்களில் பலர் தாயகம் திரும்பியோர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவந்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று வகுத்தது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரித் தேயிலை வாழ்வளித்தது. இவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968இல் தமிழக அரசு தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தனியார் தோட்டங்களிலும் பலர் சேர்ந்தனர். அவர்கள் கொண்டுவந்த உடைமைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, காலையில் ரொட்டி சுடும் பழக்கம்.

எங்கள் பங்கில் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருந்தார். அவர் வீட்டு அடுப்படியில் அமர்ந்துதான் அந்த ரொட்டி உருவாவதைக் கண்டேன். கோதுமை மாவு, துருவிய தேங்காய், உப்பு, பொடியாக அரிந்த வெங்காயமும் பச்சைமிளகாயும். இளஞ்சூடான நீர் தெளித்துப் பிசைந்து, விரல் தடிமனில் கையாலேயே தட்டி, இரும்புக் கல்லில் இருபுறமும் சிவக்கச் சுடுவார். தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த சம்பல். குடிக்கச் சாயத்தண்ணீர், அதாவது பாலில்லாத தேநீர். அதில் சர்க்கரை கலப்பதில்லை. உள்ளங்கையில் வெல்லத்துண்டை வைத்துக் கடித்துக்கொண்டே குடிப்பார்கள். "ரொட்டிக்கல்லு மட்டும் அங்கேருந்து வந்தது சாமி. மத்ததெல்லாம் முகாமிலயே போச்சு" என்றார் பாட்டி.

"இட்லி சுட்டால் என்ன பாட்டி?" என்று கேட்டேன். "இந்தக் குளிர்ல மாவு எங்கே சாமி புளிக்கும்? புளிச்சாலும் மலையில போயி திங்கிறப்ப கல்லா இருக்கும்" என்றார். எகிப்தைவிட்டு விரைந்து புறப்பட்டவர்கள் மாவு புளிக்கும்வரை காத்திராமல் அப்பம் சுட்டதைக் குருமடத்தில் படித்திருந்தேன். புளிக்காத மாவு என்பது அவசரத்தின் உணவு என்பதை அந்த அடுப்படியில்தான் உணர்ந்தேன்.

அந்த ரொட்டியில் ஒரு கணக்கு இருந்தது. நூறு கிராம் கோதுமை மாவு சுமார் 350 கிலோகலோரி ஆற்றல் தருவது. தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி தந்தால், கொழுப்பு 9 தரும். அது மெல்லச் செரித்து நெடுநேரம் தாங்கும். கூழும் கஞ்சியும் பெரும்பகுதி நீர். சுமந்து செல்லவும் கடினம். சரிவில் ஒரு காலை ஊன்றி, முதுகில் கூடையோடு நிற்பவளுக்கு ஒரு கையால் பிட்டு உண்ணத்தக்க, சிந்தாத, சிறிய கட்டில் அடங்கும் உணவு வேண்டும். நடுங்கும் உடல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே ஆற்றலைச் செலவழிக்கும். வேலைக்கான ஆற்றல் அதற்கு மேல். இக்கணக்கை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பசிதான் கற்பித்திருக்கிறது.

இனி, நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும்.

அந்த முதல் ஆண்டின் திருவருகைக் காலத்தில், காலைத் திருப்பலியை ஐந்தரை மணிக்கு வைத்தேன். தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் திரளாக வந்தனர். நற்கருணைக்கு முந்தைய உண்ணா நோன்பை 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டார். எனினும் எங்கள் பங்கின் மூத்தவர்கள் நள்ளிரவு முதல் உண்ணாதிருக்கும் பழைய ஒழுங்கையே காத்துவந்தனர். இளையவர்களும் அவர்களைப் பின்பற்றினர். எனவே ஒவ்வொருத்தியும் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். திருப்பலி முடிந்ததும் மலையேறியபடியே உண்பது அவர்கள் வழக்கம். ஆலயத்தின் பின்வரிசையில் வெங்காயமும் சம்பலும் மணக்கும். அந்த மணம் என்னை உறுத்தியது. மூன்றாம் நாள் மறையுரையின் முடிவில், "ஆலயம் உணவுக்கூடம் அன்று. பொட்டலங்களை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்" என்று கண்டிப்புடன் சொன்னேன். மறுநாள் பின்வரிசை மணமற்றிருந்தது. என் சொல்லுக்கு இருந்த மதிப்பை எண்ணி மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் குடியிருந்த லயம் ஆலயத்திலிருந்து அரைமணி நேர ஏற்றத்தில், தேயிலை மலைக்கு எதிர்த்திசையில் இருந்தது. திருப்பலி முடிந்து வீடு சென்று உண்டு வேலைக்குத் திரும்ப நேரம் போதாது. இதை நான் கேட்டறியவில்லை. அவர்களும் சொல்லவில்லை. சாமியாரின் சொல்லை மறுத்துப் பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை. நான்கு நாள்கள் வெறும் வயிற்றோடு உறைபனியில் கொழுந்து பறித்தார்கள். ஐந்தாம் நாள் காலை எட்டு மணியளவில் ஓர் இளம்பெண் சரிவில் மயங்கி விழுந்துவிட்டதாக ஆள் வந்தது. ஓடினேன். நான் சேர்ந்தபோது அவள் கண்விழித்து அமர்ந்திருந்தாள். பாட்டி அவளைத் தம் மார்பில் சாய்த்து, வெல்லத்தை வாயில் இட்டு, யாரிடமோ வாங்கிய சாயத்தண்ணீரைப் புகட்டிக்கொண்டிருந்தார். விழுந்த இடத்திற்கு ஓரடி தள்ளிக் கவாத்து செய்த தேயிலைக் கட்டைகள் கூர்கூராக நின்றன. அவற்றைப் பார்த்ததும் என் கால்கள் நடுங்கின.

"சாப்பிடவில்லையா?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாட்டிதான் தலைநிமிராமல், "வெறும் வயித்தோட மலை ஏறக்கூடாது சாமி" என்றார். என்னைக் குற்றஞ்சாட்டும் குரலன்று அது. அறியாத பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல் இருந்தது.

மறுநாள் பீடத்தருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். பொட்டலங்களை வைக்கப் பின்புறம் ஒரு பலகை போடச் செய்தேன். திருப்பலிக்குப் பின் ஒரு பெரிய பாத்திரத்தில் சாயத்தண்ணீர் கொதித்தது. ஆனால் பாட்டி தம் பொட்டலத்தைப் பலகையில் வைக்கவில்லை. காரணம் கேட்டபோது, கம்பளிச் சட்டைக்குள் மடியில் கட்டியிருந்ததைக் காட்டினார். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். வெளியில் வைத்தால் ரொட்டியும் விறைத்துப்போகும். உடலோடு ஒட்டியிருந்தால் மென்மையாகவே இருக்கும். உடல் ரொட்டிக்குச் சூடு தருகிறது. பின்னர் ரொட்டி உடலுக்குச் சூடு தருகிறது.

வழியுணவைக் குறிக்கப் பழந்தமிழில் 'தோட்கோப்பு' என்றொரு சொல் உண்டு. மக்கள் வழக்கில் அது கட்டுச்சோறு. இலத்தீனில் அதையே 'வியாத்திக்கும்' என்றனர். வழிப்பயணத்திற்கு வேண்டிய உணவும் பொருளுமே உரோமையருக்கு அச்சொல்லின் பொருள். இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு அளிக்கும் நற்கருணைக்குத் திருச்சபை அந்தப் பெயரையே இட்டது. சூரைச்செடியின் அடியில் சோர்ந்து படுத்த எலியாவுக்கும் முதலில் கிடைத்தது அறிவுரை அன்று. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும்தான். உண்ட பிறகே ஓரேபுக்குச் செல்லும் நீண்ட வழி அவருக்குத் திறந்தது. இவற்றையெல்லாம் படித்துத் தேர்வெழுதியவன்தான் பொட்டலங்களை வெளியே வைக்கச் சொன்னவனும்.

2013 சனவரியில் ஒருநாள் விடியுமுன் பாட்டியின் பேரன் வந்து கதவைத் தட்டினான். நற்கருணைச் சிமிழை எடுத்துக்கொண்டு அவனோடு லயத்திற்கு ஏறினேன். புல்லெல்லாம் வெளுத்திருந்தது. காற்று முகத்தை அறுத்தது. பாதி ஏற்றத்தில்தான் கவனித்தேன். சிமிழைக் கம்பளிச் சட்டைக்குள், மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். அப்படிச் சுமக்க எனக்குக் கற்றுத்தந்தவர் அங்கே படுத்திருந்தார். வழியுணவை அவர் நாவில் வைத்தேன். கண்மூடி விழுங்கினார். சற்றுக் கழித்து, மெல்லிய குரலில், "சாமி எதுவும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். மருமகளைப் பார்த்து அடுப்பைக் கண்ணால் காட்டினார். கல் அப்போதும் சூடாகவே இருந்தது.

இப்போது நான் மீண்டும் சமவெளிப் பங்கொன்றில் இருக்கிறேன். விடியற்காலைத் திருப்பலிக்கு ஆலைக்கும் கட்டட வேலைக்கும் செல்வோர் வருகிறார்கள். பின்வரிசையில் தூக்குச்சட்டிகள் வரிசையாக இருக்கின்றன. சில நாள்களில் புளிக்குழம்பின் மணம் பீடம்வரை வருகிறது. மறையுரையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.