கட்டியவருக்குத் தெரியும்

மொட்டை மாடி என்றால் நமக்கு வடாம் காயப் போடும் இடம். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தம் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரக் கூடிய ஆகாய விமானம் ஒன்றைக் கட்டி, 2016-ல் கண்காட்சியிலும் வைத்தார். பறக்க அநுமதி கிடைப்பதற்குள் 2019 ஆகிவிட்டது. விமானம் கட்டுவதைவிடக் காகிதம் கட்டுவதுதான் கஷ்டம் போலும்!

அமெரிக்காவில் இது பலருக்குப் பொழுதுபோக்கு. பாதிக்கு மேல் தாமே செய்து, பரிசோதகரிடம் காட்டி, ஜன நடமாட்டமில்லாத இடத்தில் விதிப்படி பறந்து பார்த்துவிட்டால் போதும். பிறகு அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

என் அக்காள் மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். அப்படிப்பட்ட பழைய விமானம் ஒன்றை வாங்கப் போவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தான். "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், மாமா" என்று வேண்டுகோள் வேறு.

வீட்டில் கட்டியது, ஆகவே ஆபத்து என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோட்டைப்பட்டினத்துக் கரையில் வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவர் முன்பு சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

"இது காத்தடிச்சா கொஞ்சம் இடப்பக்கம் சாயும், ஐயா. எனக்குத் தெரியும். வாங்கிட்டுப் போறவருக்கு நான் சொன்னாத்தானே தெரியும்? அதனாலே முதல் நாள் நானும் கூடக் கடலுக்குப் போவேன்."

வள்ளத்தில் எஞ்சின் நின்றால் அது மிதந்துகொண்டாவது இருக்கும். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்துவிடுவார்கள். ஆகாயத்தில் யார் கயிறு போடுவது?

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்து பழகியவர். லாங்-ஈஸி என்ற சிறு விமானம் ஒன்றை வாங்கினார். அதைக் கட்டியவர் வேறொருவர். பெட்ரோல் தொட்டி இரண்டு; ஒன்று தீர்ந்தால் மற்றதற்கு மாற்ற ஒரு பிடி. மூல வரைபடப்படி அது விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். பெட்ரோல் குழாய் உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது என்று எண்ணி, கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். நல்ல எண்ணந்தான். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்று அதில் எழுதியிருக்கவில்லை. தமக்குத் தெரிந்ததைத் தாமே எதற்காக எழுதி வைத்துக்கொள்வது?

1997 அக்டோபர் 12-ம் தேதி, கலிபோர்னியாவில் மான்டெரே விரிகுடாவுக்கு மேலே, சில நூறு அடி உயரத்தில் டென்வர் பறந்துகொண்டிருந்தார். பிடியைத் திருப்ப வேண்டுமானால் ஓட்டும் கையை எடுத்துப் பின்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் மிதியை அழுத்திவிடும். அப்படித்தான் நடந்திருக்கும் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். விமானம் கடலில் விழுந்தது. அது அவர் கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

2011-ல் அங்கே விபத்துக்குள்ளான இத்தகைய விமானங்களில் பாதிக்கு மேல், கட்டியவரிடம் இல்லாமல் பிறர் கைக்கு மாறியவை.

மருமகனுக்கு நான் 'வேண்டாம்' என்று எழுதவில்லை. முப்பத்தைந்து வயதுப் பிள்ளை கேட்பானா? கட்டியவரைக் கூட உட்கார வைத்துக்கொண்டு சில நாள் பறந்து பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. கட்டியவர் போன வருஷமே காலமாகிவிட்டாராம். விற்பது அவருடைய மனைவியாம். இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறான்.