அமானிதமாக வந்த வண்டி

வளைகுடாவுக்குச் செல்வோர் தம் மோட்டார் சைக்கிளை உறவினரிடம் விட்டுச் செல்வது நம் குடும்பங்களில் வழமை. திருச்சி பாலக்கரையில் எம் வீட்டு முற்றத்தில் என் மைத்துனரின் வண்டி அவ்வாறு நிற்கிறது; மறைந்த அவருடைய அத்தா ஓட்டியது. "நான் ஓட்டிக்கொண்டிருந்தால் கெடாதல்லவா, அத்தா?" என்றான் என் மகன். காக்கத் தந்த பொருளை உரியவரின் அனுமதியின்றிப் பயன்படுத்துவது மார்க்கத்தில் ஆகாது என்றேன். ஆயினும் அவன் கவலை பொய்யன்று.

கெடுவது பெட்ரோல்தான். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் உண்டு. அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில், பாதி காலியான டேங்கில் ஈரம் மிகுந்தால், எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டரில் தேங்கியதோ ஆவியாகிப் பிசினாய்ப் படிந்து, ஊசித்துளையொத்த ஜெட்டை அடைத்துவிடும். நாள்தோறும் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவோரைக் காண்கிறேன், பேட்டரிதான் தேயும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியாயின் இரு வாரத்துக்கு ஒருமுறை நன்கு சூடேறும்வரை ஓட்டுவது நல்லது. அதனை ஏற்போர் சாவி வாங்கும்போதே ஓட்டவும் அனுமதி பெறுக. இது கார்புரேட்டர் வண்டி; ஓட்டாமலே காக்கலாம். ஸ்ரீரங்கத்தில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் சொன்னபடி டேங்கைக் கழுத்துக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பினோம். பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டோம். கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி எஞ்சியதையும் வடித்தோம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை மகனே கழற்றினான். மாதம் ஒருமுறை அதற்குச் சார்ஜ் ஏற்றுவதும் இனி அவன் பொறுப்பு.