இலக்கிய வினாக்கள்: கதை சொல்வதும் விசாரிப்பதும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்று உண்டு. “ரீச்சர், பாடம் முழுக்கத் தெரியும். இரண்டு பக்கம் எழுதினேன். ஆனால் புள்ளி வரவில்லை.” அவர்களின் விடைகளை வாங்கிப் பார்த்தால் எழுத்துப்பிழை அதிகம் இராது. கதையிலும் தவறு இராது. குறை வேறோர் இடத்தில் இருக்கும். வினா “ஆராய்க” என்று கேட்டிருக்கும். விடையோ கதையைச் சொல்லி முடித்திருக்கும்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளரான பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956 இல் சிந்தனைத் திறன்களைப் படிநிலைப்படுத்தி வெளியிட்டனர். 2001 இல் அது திருத்தியமைக்கப்பட்டது. அதன்படி நினைவுகூரல், விளங்கிக்கொள்ளல், பிரயோகித்தல், பகுப்பாய்தல், மதிப்பிடல், ஆக்கல் என ஆறு படிகள் உள்ளன. இறுதி மூன்றையும் உயர்நிலைச் சிந்தனைத் திறன்கள் என்பர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீட்டில் தம்பி ஒரு பொய் சொன்னால், “நீ சொல்வது பொருந்தவில்லையே” என்று கண்டுபிடிக்கிறீர்கள் அல்லவா? அதுவே பகுப்பாய்வு. அதே கூர்மையை இலக்கியத்தின் மீது செலுத்தினால் போதும்.

உங்களுக்கு நன்கு தெரிந்த கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் வரும் வழக்குரை காதை. அதிலிருந்து மூன்று வினாக்களைத் தருகிறேன்.

1. கண்ணகியின் சிலம்பினுள் இருந்த பரல் யாது?
2. கோவலன் கள்வன் அல்லன் என்பது அவையில் எவ்வாறு நிறுவப்பட்டது?
3. பாண்டியன் நீதி தவறாத மன்னனா? உமது கருத்தைக் காரணங்காட்டி எழுதுக.

முதலாவது வினாவுக்கு மாணிக்கம் என்ற ஒரு சொல் போதும். அது நினைவாற்றலைச் சோதிப்பது. இரண்டாவது வினாவில் சற்று நின்று பார்க்க வேண்டும். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது என்று எழுதி நிறுத்துவோரே பெரும்பாலோர். காதையை ஊன்றிப் படித்தவரோ இன்னொன்றையும் காண்பார். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று கண்ணகி கூறுகிறாள். தன் அரண்மனைச் சிலம்பில் இருப்பது முத்து என்று பாண்டியன் கூறுகிறான். இவ்வளவும் சிலம்பு உடைபடுவதற்கு முன்னரே நடந்துவிடுகிறது. ஆகவே தன் தீர்ப்பைப் பொய்யாக்கும் சாட்சியத்தை மன்னன் தன் வாயாலேயே வழங்கிவிட்டான். கதையைப் பகுத்து, எது முன், எது பின் என்று பார்த்தவருக்கே இது தெரியும்.

மூன்றாவது வினாவை என் வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, “ரீச்சர், நல்ல அரசன் என்று எழுதுவதா, கெட்ட அரசன் என்று எழுதுவதா? எதற்குப் புள்ளி கிடைக்கும்?” என்று கேட்டாள். இரண்டுக்கும் கிடைக்கும். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைவிட, எதன் மேல் நிற்கிறீர்கள் என்பதே முக்கியம். ஆதாரமில்லாமல் “பாண்டியன் மிகச் சிறந்த நீதிமான்” என்று பத்து வரி எழுதினாலும் அது வெறும் புகழ்ச்சியே.

ஆதாரங்களை இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். கொலைக்களக் காதையில் பாண்டியன் ஊடல் கொண்ட தேவியிடம் விரைந்துகொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் சொன்னதை நம்பி ஆணை இடுகிறான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கொல்லச் சென்ற காவலருக்குக்கூட, இவன் கள்வனைப் போல் இல்லையே என்ற ஐயம் எழுகிறது. காவலருக்கு வந்த ஐயம் காவலனுக்கு வரவில்லை. இது ஒரு பக்கம். மறுபக்கம், ஒரு தனிப்பெண் அவைக்கு வந்து குற்றஞ்சாட்டியபோது அவன் அவளைத் துரத்தவில்லை. சிலம்பை வருவித்து அவள் முன் வைக்கிறான். உண்மை வெளிப்பட்டதும் சாக்குப்போக்குச் சொல்லாமல், தானே கள்வன் என்று கூறி அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறக்கிறான். வஞ்சிக் காண்டத்தில் இச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வளைந்த கோலைப் பாண்டியனின் உயிர் நிமிர்த்திவிட்டது என்ற கருத்துப்படப் பேசுகிறான்.

இதை விளக்கி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் மெதுவாகக் கேட்டான். “கோல் நிமிர்ந்தது சரி. ஆனால் கோவலன் திரும்பி வரவில்லையே. கண்ணகிக்கு என்ன கிடைத்தது?” வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்வி எந்தக் குறிப்பிலும் இல்லை. பாதிக்கப்பட்டவளின் பக்கத்திலிருந்து நீதியை அளந்து பார்த்த கேள்வி அது. மதிப்பிடல் என்ற படிக்கு இதைவிட நல்ல உதாரணத்தை என்னால் தர முடியாது. விடையின் இறுதிப் பந்தியில் இப்படி ஒரு கருத்தை எழுதும் மாணவனின் விடைத்தாள் நிச்சயமாகத் தனித்துத் தெரியும்.

இனி, விடை எழுதும் முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

வினாவின் இறுதியில் வரும் ஏவற்சொல்லின் கீழ்க் கோடிடுங்கள். “குறிப்பிடுக” எனில் சுருக்கமாகச் சொல்லுங்கள். “விளக்குக” எனில் எவ்வாறு, ஏன் என்பதைச் சொல்லுங்கள். “ஒப்பிடுக” எனில் ஒற்றுமை, வேற்றுமை இரண்டும் வேண்டும். “ஆராய்க”, “மதிப்பிடுக” எனில் உங்கள் நிலைப்பாடு வேண்டும். நிலைப்பாட்டை முதற்பந்தியிலேயே ஓரிரு வரிகளில் கூறுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் பாடத்திலிருந்து ஒரு சம்பவத்தையோ கூற்றையோ ஆதாரமாக வையுங்கள். அடுத்து, அந்த ஆதாரம் உங்கள் கருத்தை ஏன் நிறுவுகிறது என்று ஒரு வசனம் எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த ஒரு வசனத்தைத்தான். எதிர்ப்பக்கத்தின் வலுவான நியாயம் ஒன்றை எடுத்து அதற்குப் பதில் கூறி முடியுங்கள்.

அப்படியானால் பாடமாக்கத் தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவை. வெறுங்கையால் முழம் போட முடியாது. காவலரின் ஐயத்தை நினைவில் வைத்திராதவர் அதை ஆதாரமாகக் காட்டுவது எப்படி? ஆனால் நினைவில் வைக்க வேண்டியது பாடத்தையே. பிறர் எழுதிய முடிவுகளை வரிக்கு வரி பாடமாக்கிச் சென்றால், வினா சற்றுத் திரும்பியதும் தடுமாறிப் போவீர்கள். நான் தரும் குறிப்புகளுக்கும் இது பொருந்தும். அவற்றைப் படியுங்கள். பின்னர் பாடத்தைத் திறந்து, நான் சொன்னது சரிதானா என்று பாருங்கள்.

பாண்டியனின் பிழையை மறுபடி எண்ணிப் பாருங்கள். அவன் கொடியவனாக இருந்து பிழை செய்யவில்லை. பிறர் சொன்னதைத் தன் முடிவாக எடுத்துக்கொண்டான். விசாரிக்க ஒரு கணம் நிற்கவில்லை. அதற்கு ஓர் உயிர் போயிற்று. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்த பின்னரும் யாராவது ஒருவர் உங்களிடம் வந்து, இன்னார் கள்வன் என்று சொல்லத்தான் போகிறார். அன்று ஒரு கணம் நின்று, “ஆதாரம் என்ன?” என்று கேட்பதற்கான பயிற்சியே இந்தப் பாடம்.