தட்டாமாலை

ஸ்வீடனோட கோட்லாந்து தீவுக்கு வந்து மூணு வாரம்.
தங்கியிருந்து ஒரு நிகழ்ச்சி உருவாக்கணும். இதுவரைக்கும் உருவானது ஜலதோஷம் மட்டும்தான்.

இன்னிக்கு இங்க விஸ்பி ஊருக்கு வெளியே இருக்கிற கல் சுழல்பாதைக்கு, அதாவது லாபிரிந்த்துக்குப் போனேன்.
முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், வளையம் வளையமா.
கிளையே கிடையாது. ஒரே வழி. தொலையவே முடியாது.
ஆனா நடுவுக்கு ரெண்டடி இருக்கும்போது திரும்ப வெளிப்பக்கமா இழுத்துட்டுப் போயிடுது. கடுப்பு!

இதே பால்டிக் கடல்ல இன்னொரு குட்டித் தீவுல இப்படி ஒண்ணை 1741-ல லின்னேயஸ் பார்த்திருக்கார். ஆமா, செடிகொடிக்கெல்லாம் பேர் வெச்சவரேதான்.

நல்ல காத்தும் மீனும் வேணும்னு அந்தக் காலத்துல மீனவங்க இந்த மாதிரி சுழல்பாதைக்குள்ள நடந்தாங்களாம்.
நான் ஓடினேன். நடுவுல போய் நின்னதும் மரம், கல், வானம் எல்லாம் கிறுகிறுன்னு சுத்துச்சு.

மருத்துவத்துல உட்செவிக்கும் லாபிரிந்த்னுதான் பேர். உள்ளே மூணு அரைவட்டக் குழல். நாம நின்னாலும் அதுல இருக்கிற திரவம் உடனே நிக்காது.

நிகழ்ச்சி கிடைச்சிடுச்சு: உடம்பு நிக்கும், திரவம் ஆடும்.
பார்க்கிறவங்களுக்கு வாந்தி வந்தா நான் பொறுப்பில்ல.

சின்ன வயசுல தட்டாமாலை சுத்துனீங்கல்ல? விழறதுக்கு முந்தின அந்த ஒரு நொடி எப்படி இருந்துச்சு?
சொல்லுங்க, திருடிக்கறேன்.