வேடியப்பன் கல்லின் மைப்படி

கல்வெட்டுப் படி எடுப்பதில் பாதி வேலை கல்லைக் கழுவுவதுதான். செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நிற்கும் நடுகல்லுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேர் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மூத்தவர் என் அப்பாவிடம் இந்த வேலையைக் கற்றவர். இளைஞர் அவரிடம் கற்றுக்கொண்டிருப்பவர். எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், குங்குமம், எப்போதோ பூசிய சுண்ணாம்பு என்று ஒவ்வோர் அடுக்காகக் கரைய வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ்ஷை மூத்தவர் கிட்டே சேர்ப்பதில்லை. தேங்காய் நாரும் தண்ணீரும்தான்.

"சுரண்டாதடா. அழுக்கோட எழுத்தும் போயிடும்" என்றார்.

அப்பாவும் அதையேதான் சொல்வார். மூத்தவர் அதை யாரிடமிருந்து கேட்டார் என்று நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வட்டாரத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரனுக்கு நட்ட கல், காலப்போக்கில் ஊர்க்காவல் தெய்வமாகிவிட்டது. ஊராருக்கு அது சாமி. அதனால் பூசாரியைப் பார்த்துப் பேசி, கற்பூரம் ஏற்றிய பிறகுதான் வாளியைத் தூக்க வேண்டும் என்பது அப்பா வகுத்த முறை. ஆராய்ச்சி என்ற பெயரில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதை அவர் கடைசிவரை எதிர்த்தார். எங்கே நட்டார்களோ அங்கேயே நின்றால்தான் அந்தக் கல்லுக்குப் பொருள் உண்டு என்பார். நான் வந்திருப்பதைப் பூசாரியம்மா கேள்விப்பட்டு, "வாத்தியாரு பொண்ணா நீ? உக்காரும்மா, மோர் குடிச்சிட்டுப் பேசலாம்" என்றார். அப்பா போன பிறகும் இந்த ஊர்களில் எனக்குக் கிடைக்கும் வரவேற்பு முழுக்க அவர் சம்பாதித்தது.

அப்பா பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கேரியரில் தாள் சுருளும் மை டப்பாவும் ஏறிவிடும். விளக்குக் கரியையும் பிசினையும் சேர்த்து மையை அவரே காய்ச்சுவார். கொடியில் அம்மாவின் புடவைகளை ஒதுக்கிவிட்டுக் கருப்புக் கருப்பாகத் தாள்கள் காயும். எங்கள் அப்பா எங்களோடு இருக்க வேண்டிய நாள் வேறு யாருக்கோ போகிறதே என்ற வருத்தம் எனக்கு நெடுநாள் இருந்தது. இன்றும் முழுக்கப் போய்விடவில்லை.

கழுவிய கல்லின் மேல் நனைத்த தாளை இளைஞர் விரித்தார். அடர்த்தியான மயிருள்ள பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிக்கொண்டே போக வேண்டும். காற்றுக்குமிழி ஒன்று உள்ளே தங்கினாலும் ஓர் எழுத்து போய்விடும். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்குகிறது. கிழிந்த இடத்தில் இன்னொரு துண்டுத் தாளை ஒட்டித் தட்டுகிறார்கள். அடுத்தது காத்திருப்பு. ஈரம் அதிகமிருந்தால் மை பரவிவிடும்; நன்றாகக் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். மூத்தவர் புறங்கையைத் தாளில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போ போடு" என்றார். பஞ்சு வைத்துக் கட்டிய துணிப் பந்தை மையில் தொட்டு, வேறொரு தாளில் ஒற்றிக் குறைத்துக்கொண்டு, இளைஞர் மெல்ல ஒற்ற ஆரம்பித்தார். மேடெல்லாம் கருத்தது, பள்ளமெல்லாம் வெள்ளையாக நின்றது. வெறுங்கண்ணுக்குச் சொரசொரப்பாக மட்டும் தெரிந்த இடத்தில் வட்டெழுத்து வரிகள் தெளிந்தன. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணத்தில் எனக்குப் பேச்சு வருவதில்லை.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. எங்கள் வீட்டுப் பிரதியின் அட்டை கழன்றே போயிருந்தது. அப்பாவுக்குப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனுக்கு நட்டது. அவனோடு நின்று திருடர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் செதுக்கி, பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயரையும் மறக்காமல் எழுதிய மக்கள் என்று வகுப்பில் சொல்லும்போது அப்பாவின் குரல் மாறிவிடும்.

ஹூல்ஷ் 1886இல் சென்னையில் அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற காலம் தொடங்கி ஆயிரக்கணக்கான படிகள் சேர்ந்திருக்கின்றன. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890இல் வந்தது. கல் உடைந்தும் தொலைந்தும் போன ஊர்களுக்கு இன்று அந்தத் தாள்தான் சாட்சி. படித்தவர், பதிப்பித்தவர் பெயர்கள் நமக்குத் தெரியும். வெயிலில் நின்று தட்டியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சுக்கு வரவில்லை. இதை அப்பா பெரிய அநியாயமாக நினைத்தார். அவர் எடுத்த படிகளின் பின்புறம் பென்சிலில் ஊர், கல் நிற்கும் இடம், பார்க்கும் திசை, தேதி இருக்கும். அதற்குக் கீழே மை ஒற்றியவர், தண்ணீர் சுமந்தவர், வழி காட்டிய ஆட்டுக்காரச் சிறுவன் என்று எல்லோர் பெயரும் இருக்கும். மூத்தவர் பெயரை நான் முதலில் பார்த்ததே அப்படி ஒரு தாளின் முதுகில்தான்.

இளைஞர் கைபேசியில் பக்கவாட்டு வெளிச்சம் அடித்துப் படமும் எடுத்துக்கொண்டார். அதுவும் வேண்டும், அப்பா இருந்திருந்தால் முதலில் அவர்தான் வாங்கியிருப்பார். ஆனால் தேய்ந்த கல்லில் விரல் போய்ப் பழகாதவருக்குப் படம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். திருப்பணி என்று மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்து எழுத்தையே அழித்த கோயில்களையும், எழுத்துக்குள் பெயிண்ட் ஊற்றிய நல்லெண்ணக்காரர்களையும் பார்த்த பிறகு, கல் நன்றாக இருக்கும்போதே படி எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு வந்துவிட்டது.

இரண்டாம் வரியில் ஓர் எழுத்து 'ப'வா 'வ'வா என்று தீரவில்லை. வட்டெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே வரும். புள்ளியும் பெரும்பாலும் இராது. மூத்தவர் 'வ' என்றார். இளைஞர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தாளையும் நனைத்தார்கள். அடுத்த ஊரில் ஒரு கல் கடலைக் கொல்லையில் பாதி புதைந்து கிடக்கிறதாம். ஆடி விதைப்புக்கு முன்னால் தோண்டிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நிமிர்த்திவிடுவதாக இருந்தால் சரி என்று கொல்லைக்காரர் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு என்று பேசி முடித்தோம்.