இலுப்பைப்பூவும் இனிப்பு மதுவும்

ஆபிட்ஸ் பக்கத்து மதுக்கடைகளில் 'லிக்யூர்' என்று எழுதிய குப்பிகளைக் கண்டு, 'இஃது என்ன?' என்று நம் சங்க அன்பர் சிலர் வினவினர். லிக்கர் என்பது மதுவகை அனைத்துக்கும் பொதுப்பெயர். லிக்யூர் என்பதோ, வடித்தெடுத்த சாராயத்தில் மூலிகை, பழத்தோல், வித்து முதலியவற்றை ஊறவைத்து, மிகுந்த சர்க்கரை சேர்த்தது. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குப் பொதுவாக 100 கிராம் சர்க்கரையேனும் இருத்தல் வேண்டும். விருந்து முடிந்தபின் சிறு கிண்ணத்தில் பருகுவது மேனாட்டார் வழக்கம்.

பிரான்சு தேசத்துக் கார்த்தூசியத் துறவிகள் 130 மூலிகைகளைக் கொண்டு செய்வது 'ஷார்த்ரூஸ்'. கசப்பு ஆரஞ்சின் உலர்ந்த தோலால் மணமூட்டியது 'க்யூராசோ'. அது தீவின் பெயர். மெக்சிகோவின் 'கலுவா' காப்பியினால் ஆவது. பாலேட்டையும் ஐரிஷ் விஸ்கியையும் கலந்த 'பெய்லிஸ்' 1974 இல் வந்தது. ராஜஸ்தானத்து அரச குடும்பங்களும் குங்குமப்பூவும் சோம்பும் இட்டு மது வடித்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? ஐதராபாத்துக்கு வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டரில் உள்ள ஆதிலாபாத் காடுகளுக்குச் சென்ற பங்குனியில் சென்றிருந்தோம். ரயிலில் ஆதிலாபாத், அங்கிருந்து பேருந்தில் உட்னூர். வழி நெடுகிலும் இலுப்பை மரங்கள். தெலுங்கில் இதனை 'இப்ப' என்பர். நம் சொல்லுக்கு உறவே. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று நாம் சற்று ஏளனமாகச் சொல்லும் அப்பூ, இங்கே கோண்டு மக்களின் செல்வம். விடியுமுன் பூக்கள் தாமே உதிர்கின்றன. கரடி வந்து தின்னுமுன் பெண்கள் கூடைகளில் பொறுக்கி, முற்றத்தில் உலர்த்துகின்றனர். உலர்ந்த பூவில் பாதிக்கு மேல் சர்க்கரையே. கைக்குத் திராட்சை வற்றல் போல் ஒட்டுகிறது. அதனை ஊறவைத்துப் புளித்தபின் பானை வாலையில் வடிப்பது இப்பச் சாராயம். சர்க்கரை சேர்க்காமையால் இலக்கணப்படி இது லிக்யூர் ஆகாது. ஆயினும் பூவின் மணம் அதிலும் தங்குகிறது. முதலில் தெய்வத்துக்குப் படைத்த பின்னரே அவர்கள் பருகுவர். நிஜாம் ஆட்சியின் ஆப்காரிக் குத்தகையில், தம் மரத்துப் பூவை வடிப்பதும் குற்றமாயிற்று. குத்தகைதாரனிடம் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. இதனை அநீதி என்றே நாம் கொள்கிறோம்.

நகரத்துக் குடியோ வேறு. சம்பள நாளில் குடியிருப்பு வாசலில் கணவனை எதிர்பார்த்து நிற்கும் சகோதரிகளை நாம் அறிவோம். 2025 ஜூலையில் கூகட்பல்லிப் பகுதியில் மயக்க மருந்து கலந்த கள்ளினால் பலர் மாண்டனர். முத்திரையற்ற சரக்கை ஒருபோதும் நம்பற்க. அழகிய குப்பி என்பதால் லிக்யூரை இளைஞர் பழரசம் என எண்ணுதலும் ஆகாது.

உட்னூரில் ஆதிவாசிப் பெண்கள் கூடி இலுப்பைப்பூவோடு வெல்லம், எள், வேர்க்கடலை இடித்து லட்டு பிடிக்கின்றனர். ஒரு பெட்டி வாங்கி வந்தோம். மணம் குழந்தைகளுக்கு முதலில் புதிதாக இருந்தது. இரண்டாம் உருண்டையில் பழகிவிட்டது.