காலண்டர் லோடு

டிசம்பர் 4

சிவகாசி லாரி விடியற்காலை நாலரைக்கே திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குள் வந்து நின்றுவிட்டது. 212 பண்டல் தினசரிக் காலண்டர். நான், கடைப் பையன்கள் இருவர், டிரைவர். நாலு பேரும் கை வைத்தால் இரண்டு மணி நேரத்தில் இறக்கிவிடலாம். ஆனால் யூனியன் ஆட்கள் வருவது எட்டரைக்குத்தான். இந்த ஊரில் என் கடைச் சரக்கை என் பையன்கள் தொடக்கூடாது. அவர்களிடம் சுமை தூக்கும் தொழிலாளராகப் பதிவு செய்த 26ஏ அட்டை இல்லை.

வானம் மூடிக்கொண்டு வந்தது. தார்ப்பாயில் ஒரு பக்கம் கிழிசல். "அண்ணாச்சி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடுன்னா இந்நேரம் இறக்கிட்டு டீ குடிச்சிருப்போம்" என்றார் டிரைவர். நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு மணிக்குத் தூறல் விழுந்ததும் சின்னப் பையன் பொறுக்கமாட்டாமல் மூன்று பண்டலை இழுத்துத் திண்ணையில் போட்டான்.

எட்டே முக்காலுக்கு வந்த யூனியன் தலைவர் முதலில் பார்த்தது மழையை அல்ல, திண்ணையை. "இது ஆரா இறக்கியது, அண்ணாச்சீ?"

அந்த மூன்றுக்கும் கூலி கொடுத்தேன்.

டிசம்பர் 5

ஒன்பது பண்டல் நனைந்து உப்பிக் கிடக்கிறது. வெயில் வந்தால் காயும், ஆனால் தாள் நெளியும். நெளிந்த காலண்டரை யார் வாங்குவார்கள்?

தூக்காத சுமைக்குக் கூலி வாங்குவதற்கு மலையாளத்தில் 'நோக்குகூலி' என்று பெயர். நோக்கி நிற்பதற்குக் கூலி. இதை விடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்திருக்க முடியாது. 2018 மே 1 முதல் கேரள அரசு இதை ஒழித்தாகிவிட்டது. அப்படியும் 2021 செப்டம்பரில், தும்பா விண்வெளி மையத்துக்குக் கருவி கொண்டுபோன லாரியை மறித்துப் பத்து லட்சம் கேட்டார்கள். ராக்கெட் விடுகிறவர்களுக்கே அந்தக் கதி. ரசீதை எடுத்துப் பார்த்தேன்: '212 பண்டல் இறக்கு கூலி.' எவ்வளவு சுத்தமான கணக்கு!

டிசம்பர் 8

அப்பா இருந்தால், அந்தக் கூலியைக் கொடுத்ததற்கு என்னைத்தான் திட்டியிருப்பார். 1978-ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குவோர்) சட்டம் வருவதற்கு முன்பு இந்தத் தெருவில் மூட்டை தூக்கியவர்களுக்கு வியாபாரி வீசியதுதான் கூலி. வீசியவர்களில் அப்பாவும் ஒருவர். பாதிக் கூலியைக் கொடுத்துவிட்டு மீதியை நாளைக்கு என்பார். அந்த நாளை வராது. சட்டம் வந்துதான் விகிதம் வந்தது, சேமநிதி வந்தது. தூக்குகிற கூலியில் எனக்கு ஒரு பைசா மனத்தாங்கல் கிடையாது.

டிசம்பர் 12

பையன்கள் இருவருக்கும் 26ஏ பதிவு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். அட்டை கிடைத்தால் என் கடைச் சரக்கை அவர்களே இறக்கலாம். யூனியன் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறது. விசாரணை உண்டாம்.

டிசம்பர் 19

தலைவர் கடைக்கு வந்தார். குருவாயூரப்பன் படம் போட்ட காலண்டர் ஒன்று வேண்டும் என்றார். இனாமாகக் கேட்பார் என்று நினைத்தேன். காசை எண்ணி வைத்தார். நின்றபடியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையன்களுக்குக் கார்டு வந்தா அடுத்த கடைக்காரனும் கேப்பான். அப்புறம் நாங்க பதினாறு பேரும் எங்க போவோம்?" என்றார். முப்பது வருஷமாகத் தலையில் சுமந்த மனிதர். நியாயம்தான் என்று தோன்றியது. அந்த மூன்று பண்டல் காசைப் பற்றிக் கேட்டேன். "அது பழக்கம், அண்ணாச்சீ" என்று சிரித்தார். இருந்த இரக்கமும் போய்விட்டது. மனுவைத் திரும்பப் பெறப் போவதில்லை.

டிசம்பர் 31

நனைந்ததில் ஆறு பண்டலைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். நல்லதில் பதினொன்று மீதி. பொங்கலுக்குப் பிறகு அதுவும் பழைய பேப்பர்தான். விசாரணை ஜனவரி 24-க்கு.